முப்பத்தொரு நட்சத்திரங்கள்

பிப்ரவரி 6, 2023, திங்கள்

உறுதியானது: அமலியின் கட்டுரை ஏற்கப்பட்டு, புரூஃப் வந்துவிட்டது. இருபத்தெட்டுப் பக்கம், நூற்று நாற்பத்து மூன்று அடிக்குறிப்பு. திருத்தி அனுப்பக் கடைசி நாள் மார்ச் 10. ஆதாரம்: பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலிருந்து வரும் ஆண்டு ஆய்விதழின் ஆசிரியர் மதாம் கெர்வெலா, இன்று பகல் 1.40-க்கு அனுப்பிய மின்னஞ்சல்.

இன்னொன்றும் உறுதி. ஆதாரம்: புற்றுநோய் மருத்துவர், போன வெள்ளிக்கிழமை, தன் அறைக்கு வெளியே நின்றபடி. "மாசக் கணக்குல யோசிக்காதீங்க சார். வாரக் கணக்குல யோசிங்க."

செய்தியில் ஒருவர் முதல்முறை வரும்போதே அவர் யார் என்று சொல்லிவிட வேண்டும் என்று, புதிதாகச் சேரும் நிருபர்களிடம் முப்பத்தைந்து வருஷம் சொல்லிவந்தவன் நான். நாட்குறிப்புக்கு வேறு விதி கிடையாது. அமலி என்கிற அமலோற்பவம் என் மனைவி. வயது அறுபத்தேழு. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவள். கணையத்தில் புற்றுநோய், நவம்பரில் தெரிந்தது. பதினான்கு வருஷமாக ஒரே ஒரு பெயரடையை ஆராய்ந்துவருகிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. "மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன். நம்பரு, தேதி, பேரு, இது மூணும் உங்க டிபார்ட்மென்ட், ரிப்போர்ட்டரே" என்றாள்.

நிலுவை: 143 குறிப்புகள். ஒரு நாளைக்கு ஏழு வீதம் பார்த்தால் 27-ஆம் தேதி முடியும்.

பிப்ரவரி 8, புதன்

வலிக்கு ஒட்டும் பட்டை இன்று மாற்றினோம். மூன்று நாளைக்கு ஒன்று. மேலே பேனாவால் தேதி எழுதுகிறேன்.

பட்டையை ஒட்டிக்கொண்டே வேதவல்லி கேட்டாள். வில்லியனூரிலிருந்து தினமும் வரும் நர்ஸ். "ஏம்மா, பதினாலு வருஷமா ஒரே வார்த்தையா? நான் பஸ்ல வர்றதுக்குள்ள ஆயிரம் வார்த்த பேசிடுறேன்."

"நீ பேசுறதெல்லாம் காத்துடி. நான் புடிச்சு வச்சிருக்கேன்."

"அப்படி என்ன வார்த்த?"

"வெள்ளை."

வேதவல்லி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உண்மைதான். இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பேசப்பட்டு, எவரும் எழுதிவைக்காமல் போன ஒரு மொழி. ஆதிக் கெல்ட் என்று இன்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் வாரிசுகள் ஐரிஷ், வெல்ஷ், பிரெத்தோன், பண்டைய பிரான்சில் பேசப்பட்டு அழிந்த 'கால்' (Gaulish) மொழி. இந்த வாரிசுகளை ஒப்பிட்டுத் தாயின் சொல் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். எழுத்துச் சான்று கிடையாது என்பதற்கு அடையாளமாக, சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். *விந்தோஸ். வெள்ளை.

"நம்ம தமிழ்ல வெள்ளப் பசு, வெள்ளக் காளை. வெள்ள மாறாது. அங்க மாறும். ஆம்பளைக்கு விந்தோஸ், பொம்பளைக்கு விந்தா, ரெண்டும் இல்லாததுக்கு விந்தோம்."

"அப்ப என் யூனிஃபார்ம்?"

"விந்தோம்."

"விந்தோம்" என்று இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள் வேதவல்லி.

"வேல்ஸ்காரங்க கடைசி அசைய முழுங்கிட்டாங்க. ஆனா அந்த 'ஆ' போறதுக்கு முன்னாடி, உள்ள இருந்த உயிரெழுத்த மாத்திட்டுப் போயிடுச்சு. அதனால இன்னைக்கும் அவங்களுக்கு ஆணுன்னா குவின், பொண்ணுன்னா குவென். 'ஆ' செத்துப் பல நூறு வருஷம் ஆச்சு."

"எங்க மாமியார் மாதிரி" என்றாள் வேதவல்லி. "செத்து ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் அவங்க சொன்ன எடத்துலதான் உப்பு ஜாடி."

அமலி சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். வலித்தும் சிரித்தாள்.

பிப்ரவரி 11, சனி

61-ஆம் குறிப்பில் ஒரு எண் உதைக்கிறது. மத்திய பிரான்சில் ஒரு சிறிய ஊர் அருங்காட்சியகத்தின் பொருள் எண். கட்டுரையில் ஓரிடத்தில் 418, இன்னோரிடத்தில் 481.

இந்தப் பொருள்தான் கட்டுரையின் முதுகெலும்பு. உடைந்த கிண்ணம் ஒன்றின் கையகல ஓடு. வெளிப்பக்கம் ஐந்து ரோமன் எழுத்துகள் கீறியிருக்கின்றன: விந்தா. கடைசி எழுத்து, கூரை போல இரண்டு சாய்கோடு. கால் மொழியில் இந்தச் சொல் ஊர்ப் பெயர்களிலும் ஆள் பெயர்களிலும் முன்னொட்டாக ஒட்டிக்கொண்டுதான் கிடைக்கிறது. தனியாக நின்று, பெண்பால் விகுதியோடு, "வெண்மையானவள்" என்று கிண்ணத்தைச் சொல்லும் சான்று இது ஒன்றுதான் என்பது அமலியின் வாதம். அதனால் கால் மொழிப் பெண்பால் வடிவத்தை நட்சத்திரம் இல்லாமல் எழுதலாம். கட்டுரை முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

அந்த ஓட்டுத் துண்டை 2009 ஜூனில் இருவரும் நேரில் பார்த்தோம். படம் எடுத்தவன் நான். அடுத்த வருஷம் அருங்காட்சியகத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். திறக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று.

பொருள் எண்ணைக் கேட்டு எழுதினேன். கூடவே, இருந்தால் புதிய படம் ஒன்றும் அனுப்பச் சொன்னேன்.

பிப்ரவரி 15, புதன்

அருங்காட்சியகப் பொறுப்பாளர் மொசியே பெலோ பதில் அனுப்பியிருக்கிறார். பொருள் எண் 418. 481 தவறு. திருத்திவிட்டேன்.

படமும் வந்திருக்கிறது. நான்கு பக்கமிருந்தும் ஒளி பாய்ச்சி எடுத்தது. பிறகு பார்க்கிறேன்.

பிப்ரவரி 16, வியாழன்

காஸ் சிலிண்டர் வந்தது. பழையது நாற்பத்தொரு நாள் ஓடியிருக்கிறது. வழக்கமாக ஐம்பத்தைந்து. தினமும் வெந்நீர் போடுவதால்.

பிப்ரவரி 18, சனி

பழைய வன்தட்டைத் தேடினேன். கட்டிலுக்கடியில், பிரஸ் கிளப் கொடுத்த பையில் இருந்தது.

2009 ஜூன் படங்கள் இரண்டு கோப்புறையில் இருக்கின்றன. ஒன்று கேமராவில் இருந்து வந்தபடி. இன்னொன்று நான் அமலிக்குக் கொடுத்தது.

செய்தித்தாள் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. செய்தித்தாள் காகிதம் சாம்பல் நிறத்தை விழுங்கிவிடும். அதனால் படத்தை அச்சுக்கு அனுப்பும் முன் கருப்பைக் கருப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் ஏற்றித்தான் அனுப்புவோம். எல்லா நிருபர்களும் செய்வது. பழக்கம்.

78 முதல் 84 வரை குறிப்புகள் சரி.

பிப்ரவரி 20, திங்கள்

அமலி கால் கோப்பை கஞ்சி. நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று வேதவல்லி புகார்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து அமலிக்கு நெற்றியில் சாம்பல் பூசி, நற்கருணை கொடுத்தார். அவளுடைய பாவசங்கீர்த்தனத்துக்கு நாங்கள் வெளியே நின்றோம். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தவர், "நீங்க, இன்னாசிமுத்து? வந்ததோட உங்க பாவசங்கீர்த்தனமும் கேட்டுட்டுப் போறேனே" என்றார்.

இன்று வேண்டாம் என்றேன்.

"சாமி, அவரு பத்திரிகைக்காரரு" என்று உள்ளேயிருந்து அமலி குரல் கொடுத்தாள். "அடுத்தவங்க பாவம்தான் அவருக்கு மனப்பாடம்."

பிப்ரவரி 24, வெள்ளி

நல்ல நாள். தலையணை மூன்று அடுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்பதாம் பக்கத்திலிருந்து பதினைந்தாம் பக்கம் வரை தானே படித்தாள். ஓரத்தில் பென்சிலால் திருத்தினாள். எழுத்து நடுங்கினாலும் வாசிக்கும்படி இருக்கிறது.

பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தப் படம். விரலால் கடைசி எழுத்தைத் தடவினாள். "ஞாபகம் இருக்கா? அந்த ஆளு சாப்பாட்டுக்குப் போற அவசரத்துல, பத்தே நிமிஷம்னு கண்ணாடிப் பெட்டியத் தொறந்தான். கோடு இருக்கா இல்லையான்னு நான் பதறிட்டு இருந்தேன். நீங்க எடுத்தீங்களோ, பொழச்சேன்."

பிறகு கேட்டாள். "மியூசியத்துக்காரன் பதில் போட்டானா?"

"நம்பர் மட்டும் சொன்னான். 418."

"படம்?"

"இன்னும் வரல."

இதை எழுதவேண்டாம் என்று பார்த்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பிப்ரவரி 27, திங்கள்

143 குறிப்புகளும் முடிந்தன, ஒன்றைத் தவிர.

அமலியால் இன்று படிக்க முடியவில்லை. எழுத்து நீந்துகிறது என்கிறாள். மருந்தாலா, நோயாலா என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். ரெண்டும்தான் என்றார். திரும்புமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் வேறு போன் வந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றி மடித்து, பெட்டியில் வைத்து, என்னிடம் கொடுத்தாள்.

மார்ச் 1, புதன்

காலை பத்து மணி. வேதவல்லி உடம்பு துடைத்து, தலைவாரிவிட்டுத் துணி அலசப் போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

"மியூசியத்துலேர்ந்து படம் வந்துடுச்சு."

"எப்ப?"

படத்தில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவள் முதல் கேள்வி 'எப்ப' என்பதுதான். நல்ல நிருபர் கேட்கும் கேள்வி.

"பதினஞ்சாம் தேதி."

"இன்னைக்கு என்ன தேதி?"

"ஒண்ணு."

மடிக்கணினியை அவள் முகத்துக்கு அருகே பிடித்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "தெரியல. நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் வர்ணிக்க வருமே."

சொன்னேன். முதல் நான்கு எழுத்தும் ஆழமானவை. கீறலின் உள்ளே பழைய மண் இருக்கிறது. ஐந்தாவதன் இடது சாய்கோடும் அப்படியே. வலது சாய்கோடு ஆழமில்லாதது, உள்ளே சுத்தமாக இருக்கிறது, எழுத்தின் எல்லையைத் தாண்டி ஓட்டின் விளிம்பு வரை போகிறது. தோண்டும்போது கருவி உரசிய தடம். பெலோவும் அதைத்தான் எழுதியிருக்கிறார். வலது கோடு இல்லையென்றால் அது கூரை இல்லை. இடது கோடு எந்த எழுத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் ஓடு உடைந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய பெயரின் முதல் பாதி. அவ்வளவுதான்.

"உங்க படத்துல ரெண்டு கோடும் ஒரே மாதிரி இருந்துச்சே" என்றாள்.

"கான்ட்ராஸ்ட் ஏத்தினேன். நாற்பது சதவீதம்."

"அதுக்கு எல்லாக் கோடும்தான ஏறும்?"

முப்பத்தைந்து வருஷம் கேள்வி கேட்டவன். இப்போது மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுப் பதில் சொன்னேன்.

"அந்தக் கோட்ட மட்டும் தனியாக் கருப்பாக்கினேன். லாட்ஜுல, சாயங்காலம். நீ குளிச்சிட்டு இருந்த. கோடு இருக்கு, மங்கலா விழுந்திருக்குன்னு நெனச்சேன். பத்திரிகையில செய்யறதுதான். நீ வெளிய வந்து பாத்ததும் என் கையப் புடிச்சுக்கிட்ட. அப்பறம் என்னால சொல்ல முடியல."

வேதவல்லி துணி உதறும் சத்தம் கேட்டது. அமலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தானாகத் திரும்ப முடியாதவள் என்று இரண்டு நாளாக நினைத்திருந்தோம்.

மார்ச் 2, வியாழன்

என்னுடன் பேசவில்லை. வேதவல்லியிடம் நான்கு முறை பேசினாள். ஆதாரம்: வேதவல்லி.

மார்ச் 3, வெள்ளி

காலையில் கூப்பிட்டாள். "உக்காருங்க."

நாற்காலியை இழுத்துப்போட்டேன்.

"கோட்டுக்காக நான் கோவிச்சுக்கல. இருக்கு இருக்குன்னு நான் பாத்த ஆசையில நீங்க வரஞ்சீங்க. அதுல எனக்கும் பங்கு உண்டு. திரும்பப் போயி பாத்திருக்கணும். பாக்கல. பயம்." மூச்சு வாங்கினாள். "பதினஞ்சாம் தேதி சொல்லியிருந்தீங்கன்னா, எனக்குக் கண்ணு இருந்துச்சு. கை இருந்துச்சு. பத்துப் பன்னண்டு நாள். ஓட்டத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்த நானே எழுதியிருப்பேன். அந்தப் பன்னண்டு நாள நீங்க எடுத்துக்கிட்டீங்க."

"நீ நிம்மதியா இருக்கணும்னு..."

"என் நிம்மதிய நீங்க எடிட் பண்ணாதீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. "பென்சில் எடுங்க" என்றாள்.

மார்ச் 4, சனி

வேலை முறை: நான் ஒரு பத்தி படிக்கிறேன். அவள் விரலை உயர்த்தினால் வெட்டு. கையை மூடினால் இருக்கட்டும். பத்து நிமிஷம் வேலை, நாற்பது நிமிஷம் தூக்கம்.

ஓட்டைப் பற்றிய பதினான்கு பக்கம் மொத்தமும் விரல் உயர்த்தினாள். ஒரே விரல், ஒரே முறை.

மார்ச் 5, ஞாயிறு

சொல்லின் பிறப்பைப் பற்றிய பகுதியில் கையை மூடினாள். பலர் ஏற்பது, எல்லோரும் ஏற்காதது: விந்தோஸின் வேர் "காண்" என்று பொருள்படும் பழைய வினை. அப்படியென்றால் முதலில் அது நிறமில்லை. கண்ணில் படுவது, பளிச்சென்று தெரிவது. பிறகுதான் வெள்ளை.

இதைப் படித்துவிட்டு நிறுத்தினேன்.

"மேல படிங்க" என்றாள்.

மார்ச் 7, செவ்வாய்

பட்டை மாற்றும் நாள். வேதவல்லி கைகழுவிவிட்டு வந்தாள். "அவரே போடட்டும்" என்றாள் அமலி. தோளில் ஒட்டி, விதிப்படி உள்ளங்கையால் முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். தேதி எழுதினேன். பேனாவில் மை சரியாக வரவில்லை.

வெல்ஷ் பகுதி முடிந்தது. உள்ளே மாறிப்போன உயிரெழுத்துதான் இப்போது கட்டுரையின் முக்கியச் சான்று. விகுதியைப் பார்த்தவர் இல்லை. அது தொட்டுவிட்டுப் போன இடம்தான் இருக்கிறது. இருபத்தெட்டுப் பக்கம் பதினொன்றாகிவிட்டது.

"சின்னதா ஆயிடுச்சு" என்றேன்.

"சரியா ஆயிடுச்சு."

மார்ச் 9, வியாழன்

கடைசி வேலை நட்சத்திரம். மிச்சமிருக்கும் பக்கங்களில் கால் மொழிப் பெண்பால் வடிவம் முப்பத்தோரிடத்தில் வருகிறது. சான்று போய்விட்டதால் எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பப் போடவேண்டும். கணினியில் ஒரே கட்டளையில் செய்துவிடலாம் என்றேன்.

"வேணாம். ஒண்ணொண்ணாப் போடுங்க. நான் எண்ணுறேன்."

போட்டேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். பத்தொன்பதுக்கு மேல் "ம்" வரவில்லை. மூச்சைப் பார்த்தேன். தூக்கம்தான். மீதிப் பன்னிரண்டையும் நானே போட்டேன், சத்தமாக எண்ணிக்கொண்டே.

முடிவில் நன்றி வரிகள். கடைசி வரி: "ஓட்டைப் படமெடுத்த என் கணவர் இன்னாசிமுத்துவுக்கு." ஓடும் இல்லை, படமும் இல்லை. எழுப்பாமல் காத்திருந்தேன். நாலரைக்குக் கண் திறந்தாள்.

"அமலி, இந்த நன்றி வரிய எடுத்துடவா?"

என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம். உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து, பஞ்சை நனைத்துவைத்தேன். உறிஞ்சினாள். மறுபடி தூங்கிவிட்டாள்.

5.50-க்கு அனுப்பினேன். அந்த வரியைத் தொடவில்லை.

மார்ச் 10, வெள்ளி

மதாம் கெர்வெலாவிடமிருந்து ஒரே வரி: கிடைத்தது, இவ்வளவு வெட்டு எதிர்பார்க்கவில்லை, ஆசிரியர் குழுவிடம் வைக்கிறேன்.

அமலியின் காதருகே படித்துக்காட்டினேன். கேட்டாளா என்பது உறுதியில்லை.

மார்ச் 12, ஞாயிறு

என் விரலைப் பிடித்திருக்கிறாள். அல்லது பிடியில் என் விரல் இருக்கிறது. வேதவல்லி இன்று வீட்டுக்குப் போகவில்லை.

மார்ச் 16, வியாழன்

உறுதியானது: அமலோற்பவம், 67, மார்ச் 13 திங்கள் காலை காலமானாள். டாக்டர் கையெழுத்திட்ட சான்றில் 6.45 என்றிருக்கிறது. அது அவர் வந்து பார்த்த நேரம். வேதவல்லியின் கைக்கடிகாரத்தில் 6.20. நான் வேதவல்லியின் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்; அவள் அங்கே இருந்தாள். நானும் இருந்தேன், ஆனால் மணி பார்க்கவில்லை. ஒரு நிகழ்வில் மணி பார்க்காமல் இருந்தது இதுதான் முதல்முறை.

செவ்வாய் மாலை அடக்கம். வேதவல்லி வெள்ளை யூனிஃபார்மில் வந்திருந்தாள். குழியருகே என்னிடம், "அம்மா சொன்ன பேரு மறந்துடுச்சு சார், இந்தத் துணிக்கு" என்றாள். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமுறை சொல்லிப் பார்த்தாள்.

இன்று காலை மதாம் கெர்வெலாவின் மின்னஞ்சல். வருத்தம் தெரிவித்திருக்கிறார். பதினொரு பக்கக் கட்டுரையைக் குழு 24-ஆம் தேதி முடிவுசெய்யும். கூடவே ஒரு கேள்வி: படம் நீக்கப்பட்ட நிலையில், அதை எடுத்தவருக்கான நன்றி வரி இருக்கவேண்டுமா? ஆசிரியரின் விருப்பம் என்னவாக இருந்தது?

ஆசிரியரின் விருப்பம். கேட்டேன், பதில் பதிவாகவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. இருப்பவை இவ்வளவுதான். மார்ச் 3: "பென்சில் எடுங்க" என்றாள், வேறு யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. மார்ச் 7: "அவரே போடட்டும்." மார்ச் 9: பத்தொன்பது "ம்", ஒரு நீண்ட பார்வை, உதட்டின் அசைவு. மார்ச் 12: விரல். இதற்கு எதிராக மார்ச் 2 முழு நாள். பன்னிரண்டு நாள் கணக்கு. மன்னிப்புக் கேட்டபோது அவள் சொல்லாமல் விட்டது.

என் தொழிலில் இதை வைத்து ஒரு வரிகூட எழுதமுடியாது. அவள் தொழிலில், மிச்சமிருப்பவற்றை ஒப்பிட்டு, எதுவாக இருந்திருக்கும் என்று எழுதுவார்கள். ஆனால் ஒளிக்காமல், இதற்குச் சான்று இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டு.

*மன்னித்தாள்.

நிலுவை: மதாம் கெர்வெலாவுக்கு என் பதில். மார்ச் 24-க்குள்.